ஜன்னலோர இடத்தின் விலை

ஜூன் 3, திங்கள்

இன்று ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கினேன். திட்டியவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும்.

கோபம் இல்லை. நாற்பத்தாறு வயதில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தவள் இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் என்னை ‘ஆன்ட்டி’ என்பார்கள். வெளிநாட்டுப் பள்ளியில் நாலு வாரம் பயிற்சி, ஒருவருக்குத்தான் இடம் என்று அறிவிப்பு வந்ததும் அவர்களெல்லாம் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். என் வீட்டில் முடிவெடுப்பதே நான்தான், யாரைக் கேட்க? பேனாவை எடுத்தேன், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். நல்ல சரக்கு கண்ணில் பட்டால் யோசிக்கிறவனுக்கு அது கிடைக்காது.

இங்கேயும் பிள்ளைகள் தமிழில்தான் படிக்கிறார்கள். காசில் இருக்கும் முகம் வேறு, சுவரில் இருக்கும் பிளக் வேறு, சாலையில் வண்டி வரும் பக்கம் வேறு. காலையில் ரோட்டைக் கடக்கத் தப்பான பக்கம் பார்த்துவிட்டு நின்றேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் வித்தியாசம் போய்விட்டது. அதே சாக்பீஸ் வாசனை, அதே சத்தம்.

ஐந்தாம் வகுப்பு. “மழை பெஞ்சு முடிஞ்சதும் தண்ணி எங்க போகுது?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். ஊரில் என் கடையில் இருபது வருஷப் பழக்கம்: விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து யார் முதலில் பேசுகிறாரோ அவர் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன்.

பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வகுப்பு டீச்சர் எழுந்துவிட்டார்.

“கேள்வி கேட்டுட்டு ஏன் டீச்சர் கம்பம் மாதிரி நிக்கறீங்க? பசங்க தூங்கிடுவாங்க. எதாவது சொல்லி வாயைத் திறக்க வைங்க!”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது.

ஜூன் 4, செவ்வாய்

கடைக்குப் போனேன். எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது. கேட்க ஆள் இல்லை. பணம் வாங்குவதும் ஒரு மெஷின். சோப்பு, பால், ரொட்டி – ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வந்தேன். மெஷினோடு என்ன பேரம் பேசுவது? கை அரித்தது.

ஜூன் 6, வியாழன்

யோசனை வந்துவிட்டது!

பெட்டிக்குள் சாம்பிள் பை இருந்தது. ஹேர் கிளிப், ரப்பர் பேண்ட், பட்டன் அட்டை. எங்கே போனாலும் அந்தப் பை கூட வரும். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் தட்டில் பரப்பி விற்க ஆரம்பித்த சரக்கு அது. இன்று மொத்த வியாபாரம், குடோன், ஆட்கள் எல்லாம் இருந்தாலும் பெட்டியைக் கட்டும்போது கை தானாக அந்தப் பையை உள்ளே வைத்துவிடும்.

இன்று அதை வகுப்புக்கு எடுத்துப்போனேன். “சரியா பதில் சொல்றவங்களுக்கு ஒரு ஜோடி கிளிப். பசங்களுக்குக் கலர் பேண்ட்.”

அப்பா! என்ன கிராக்கி! முதல் போணி ஆனதும் வகுப்பே எழுந்து நின்றது. கம்பம் என்று சொன்ன டீச்சர் இன்று குறிப்பேட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். நல்லதாகத்தான் இருக்கும்.

ஜூன் 7, வெள்ளி

வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிறார்கள்.

ஒரு குட்டிப் பெண்ணைக் கவனித்தேன். இரட்டைப் பின்னல், கோரைப்பல் ஒன்று விழுந்து முளைக்கிறது. எதைக் கேட்டாலும் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் பக்கம் காதைச் சாய்க்கிறாள். ஒரு நொடி. அப்புறம் கையைத் தூக்கிப் பதில் சொல்கிறாள். எல்லாமே சரி. கிளிப் கொடுத்ததும் ஜோடியைப் பிரித்து ஒன்றைத் தன் தலையில் குத்திக்கொண்டு மற்றதை ஜன்னலோரக்காரியிடம் தருகிறாள். பச்சை இலை மாதிரி கிளிப். ஆளுக்கு ஒரு பக்கம்.

“என்னடா கண்ணு இது?”

“பதில் அவளோடது டீச்சர். சொன்னது நான். பாதி பாதி.”

தரகு! பத்து வயதில்! என் கடை வாசலில் ஆர்டர் பிடித்துத் தரும் தரகர்கள்கூட இவ்வளவு நியாயமாகப் பிரிக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு மனதுக்குள் ‘தரகர்’ என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஜன்னலோரக்காரி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஜூன் 10, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

வகுப்பு டீச்சர் மதியம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். வகுப்புக்கு வெளியே ‘அக்கா’தான்.

“அக்கா, இது கிளாஸா சந்தையா? ஒருத்தன் வீட்டுப்பாடத்துக்கு என்ன தருவீங்கன்னு என்கிட்டக் கேக்கறான். இன்னொருத்தி ரெண்டு கணக்குக்கு ஒரு கிளிப், மூணு கணக்குன்னா ஒரு அட்டையான்னு பேரம் பேசறா. நீங்க நாலு வாரத்துல கிளம்பிடுவீங்க. அப்புறம் நான் தினமும் எதைக் கொடுத்துப் பதில் வாங்கறது?”

நியாயம்தானே.

“அதைக்கூட விடுங்க. அந்த ஜன்னலோரப் பொண்ணு. அவ ஏன் பேச மாட்டேங்கறான்னு தெரியுமா?”

தெரியாது.

திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். பிள்ளைகள் ‘ஸ்டார்ட் ஆகாத வண்டி’ என்று கேலி செய்ய ஆரம்பித்ததிலிருந்து வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. டீச்சரும் அவளை எழுப்பிக் கேட்பதில்லை. பாவம் என்று விட்டுவிட்டார். “நான் பண்ணதும் சரின்னு சொல்லல அக்கா.” இங்கே பள்ளி வருஷம் ஜூனோடு முடிகிறது; இந்த மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஹெச்.எம். முன்னால் ஒரு பக்கம் சத்தமாக வாசித்து, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வருஷத்திலிருந்து புது விதி: அதில் மதிப்பெண் இல்லையென்றால் மேல் வகுப்பு கிடையாது. ஐந்தாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும்.

“அவ தங்கச்சி இப்ப நாலாவது. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல.”

தங்கச்சியோடு ஒரே வகுப்பில், ஒரே பாடத்தை – அதுவும் தெரியாததால் இல்லை. எல்லாப் பதிலும் அவளுக்குத் தெரியும்! நான் என்ன பண்ணேன்? அந்தக் குழந்தை கொஞ்சநஞ்சம் பேச வேண்டியிருந்ததையும் இன்னொருத்திக்குக் கான்ட்ராக்ட் விட்டுட்டேன். கிளிப்பும் கொடுத்தேன். நல்லா சிரிச்சேன் வேற.

சாம்பிள் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். வகுப்பில் கிளிப் குத்தக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பச்சைக் கிளிப்புகள் இரண்டும் இரண்டு காம்பஸ் பெட்டிக்குள் போயின.

ஜூன் 12, புதன்

தரகரைத் தனியாகப் பிடித்தேன். “அவ உன் காதுல சொல்றப்ப திக்குதா?”

“இல்லையே டீச்சர். மெதுவா குசுகுசுன்னு சொன்னா வண்டி சூப்பரா ஓடும்.”

“வண்டின்னு சொல்லாத.”

“நான் கேலிக்குச் சொல்லல டீச்சர். எல்லாரும் சொல்றாங்க, அதான்.” கொஞ்சம் யோசித்தாள். “கிளிப் இல்லன்னாலும் அவ பதிலை நான் எழுந்து சொல்லுவேன். போன வருஷத்துலேருந்து சொல்றேன்.”

இவளிடம் போய்க் கமிஷன் என்று பார்த்தேனே.

ஜூன் 13, வியாழன்

சாயங்காலம் ஜன்னலோரக்காரியின் அம்மா வந்தார். லாண்டரியில் வேலை. கையில் இஸ்திரிச் சூட்டுத் தழும்பு, புடைத்த நரம்பு. நான் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“மத்தியானம் சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டா டீச்சர்.”

“எந்தப் பாடம் பிடிக்கும்?”

“அறிவியல்னா உயிரு டீச்சர். மழை, மேகம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.”

நான் கேட்டவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கே புரிந்திருக்க வேண்டும். பெண் பையை எடுக்கப் போனதும் குரல் இறங்கிவிட்டது.

“கடையில, பஸ்ல, டாக்டர்கிட்ட – யாராவது சிரிச்சுட்டா அவ ராத்திரி சாப்பிட மாட்டா டீச்சர். அதான் நான் முந்திக்கறேன். தப்புன்னு தெரியுது. அந்த நேரத்துல வாய் நிக்க மாட்டேங்குது.”

உங்கள் வாய் அன்பினால் ஓடுகிறது, என்னுடையது பழக்கத்தால் ஓடுகிறது என்று சொல்லலாம். சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

தோற்றேன்.

வகுப்பில் சொல்லிவைத்தேன்: “இப்ப நான் ஒருத்தரைக் கேப்பேன். மத்தவங்க யாரும் மூச்சு விடக் கூடாது.” ஜன்னலோரக்காரியை எழுப்பினேன். மேகம் எப்படி உண்டாகிறது? அவளுக்கு உயிரான கேள்வி.

எழுந்து நின்றாள். ‘நீராவி’யில் தொடங்க வேண்டும். “நீ… நீ…”

நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கா தெரியாது? முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, வா வா என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவளையே பார்த்தார்கள். தரகரின் உதடு கூடவே அசைந்தது. வகுப்பு டீச்சர் பின்சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“நீ… நீ…”

உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை. கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பாடம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் போன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை. அவர் எப்போதும் இழுத்து இழுத்துத்தான் பேசுவார். கல்யாணமான புதிதில் அது எனக்கு அழகாகத் தெரிந்தது, வியாபாரம் பெருத்த பிறகு பொறுமை போய்விட்டது.

“அது வந்து… ஒண்ணு சொல்லணும்னு…”

“ஜிப் பார்சல் வரலையா? லாரி ஆபீஸ்ல நம்ம பேரைச் சொல்லுங்க, நகருவான். கல்லாவில யார் உக்காந்திருக்கா? நீங்களா? கறாரா இருங்க. சிரிச்சுட்டே தள்ளுபடி கொடுத்துடாதீங்க.”

“சரி.”

“வேற என்ன?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

ஜூன் 18, செவ்வாய்

பள்ளி விட்டதும் வராந்தாவில் ஜன்னலோரக்காரி அம்மாவுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளைப் பார்த்து உட்காரவில்லை; இருவரும் மைதானத்தைப் பார்த்தபடி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.

“நான் டீச்சர் ஆகறதுக்கு முன்னாடி வியாபாரிம்மா,” என்றேன். “ஒரு சரக்கு போகலன்னா வாங்கறவங்களைத் திட்ட மாட்டேன். உங்களுக்கு என்ன மாதிரி வேணும்னு கேப்பேன். வெள்ளிக்கிழமை நான் நின்ன விதம் சரியில்ல. அது தெரியுது. எது சரியில்லன்னு தெரியல. இந்த மாசக் கடைசியில தேர்வு. நீ வாசிக்கணும்னா எங்க பக்கம் என்ன மாத்தணும்? உன் கண்டிஷனைச் சொல்லு.”

விலையைக் கேட்டாகிவிட்டது. வாயை மூடினேன்.

வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அது வழுக்கி அவிழ்ந்துவிட்டது, திரும்ப முதலிலிருந்து சுருட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. தலையாட்டவில்லை. பக்கத்தில் ஒரு எழுத்து கிளம்பிக் கிளம்பி நின்றது. ‘பரவாயில்ல, மெதுவா’ என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கினேன்.

“த… த… தலையாட்டக் கூடாது.”

திரும்பிப் பார்க்கவில்லை. “சரி.”

“ஆட்டினா… சீ… சீக்கிரம் முடின்னு… சொல்ற மாதிரி இருக்கு.”

அட கடவுளே. நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆட்டிய தலை!

“அப்புறம்?”

“க… க… கடிகாரம். அது எனக்குப் பின்னாடி இருக்கு. நா… நான் எழுந்தா எல்லாரும் என் த… தலைக்கு மேல பாக்கறாங்க.”

“அப்புறம்?”

இதற்கு அவளே கொஞ்சம் சிரித்தாள். “அவ… அவ உதட்டை ஆட்டக் கூடாது.”

அம்மா வந்துவிட்டார். “என்ன டீச்சர், என்ன சொன்னா?”

“அவளையே கேளுங்கம்மா,” என்றேன். “வீட்டுக்குப் போற வழியெல்லாம் நேரம் இருக்கு.”

ஜூன் 19, புதன்

வகுப்பு டீச்சரிடம் மூன்று கண்டிஷனையும் சொன்னேன். அவர் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். “ரெண்டு வருஷமா அந்தக் கடிகாரத்தைப் பாத்துட்டு இருக்கேன் அக்கா,” என்றார். “அதுக்குக் கீழ அவ நிக்கறாங்கறது தோணவே இல்லை.”

அவரே நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி முன்சுவரில், கரும்பலகைக்கு மேலே மாட்டினார். இனி பிள்ளைகள்தான் மணி பார்ப்பார்கள். “மணியடிக்கறதுக்கு முன்னாடியே பையை மூடப் போறாங்க. இதுவும் உங்களாலதான்,” என்றார். திட்டிய மாதிரி இல்லை.

தேர்வு நடக்கும் அறை மட்டும் ஹெச்.எம்.முடையது. அங்கே கடிகாரத்தைக் கழற்ற எங்களால் முடியாது.

ஜூன் 20, வியாழன்

ஹெச்.எம். அறை. மேஜைக்கு எதிர்ச் சுவரில், வருகிறவர் தலைக்கு மேலே பெரிய கடிகாரம். சரிதான்.

“சார், அந்தப் பொண்ணைக் கடைசியா கூப்பிடுங்க. நேரம் வைக்காதீங்க. அவ வாசிக்கற வரைக்கும் யாரும் தலையாட்டக் கூடாது. நீங்க கடிகாரத்துக்கு முதுகு காட்டி உக்காரணும்.”

சொல்லிவிட்டு நின்றேன்.

“எப்படிம்மா? எல்லாருக்கும் ஒரே விதிதான்.”

நின்றேன்.

“ஒரு பிள்ளைக்குச் சலுகை காட்டினா நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க.”

நின்றேன். மின்விசிறி சுற்றியது.

“நீங்க என்ன, பதில் பேச மாட்டேங்கறீங்க?”

“சலுகை கேக்கல சார். அதே பக்கம், அதே கேள்வி, அதே மதிப்பெண். மேஜையைத் திருப்பிப் போடுங்கன்னுதான் கேக்கறேன்.”

திரும்பவும் வாயை மூடினேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அனுபவத்தில் சொல்கிறேன், பேனாவை மூடினால் ஆள் இறங்கிவிட்டார்.

“இங்க ஸ்டோர் ரூம் ஒண்ணு இருக்கு,” என்றார். “நாலு வருஷமா யாரும் கதவைத் திறக்கல. அதை ஒழிச்சு அடுக்கிக் கொடுங்க. நீங்க வியாபாரின்னு கேள்விப்பட்டேன்.”

கைகொடுத்தேன்.

ஜூன் 22, சனி

ஸ்டோர் ரூம். உடைந்த நாற்காலி, காய்ந்த பெயின்ட், ஒரே அளவில் வாங்கிய சார்ட் பேப்பர் மலையாக. எவனோ விற்பனைக்காரன் இந்த ஹெச்.எம்.மை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். உடம்பெல்லாம் தூசி. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

போன்.

“அது வந்து… ஒண்ணு சொல்லணும்…”

பார்சல் என்ற வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. கடித்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். லைன் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை.

“…இருக்கியா?”

“இருக்கேன். சொல்லுங்க.”

“நீ வந்ததுக்கு அப்புறமும்… கல்லாவில நானே உக்காரட்டுமா?”

கல்யாணமானதிலிருந்து அவர் பின்கட்டில் பார்சல் கட்டுகிறார். அதுதான் அவருக்கு ஒத்துவரும் என்று நான்தான் முடிவு செய்தேன். அவரைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

“ஜனங்க வந்து நின்னு… பேசறாங்க. எனக்கு… பிடிச்சிருக்கு. தள்ளுபடி கொஞ்சம் அதிகமாத்தான் கொடுக்கறேன்.” இடைவெளி. “வியாபாரம் குறையல.”

இந்த வாக்கியத்தை மனுஷன் எத்தனை ஞாயிற்றுக்கிழமையா வாயில வச்சிருந்தாரோ.

“உக்காருங்க,” என்றேன். “எனக்கும் வேற வேலை கிடைக்கும் போல இருக்கு.”

ஜூன் 25, செவ்வாய்

நாளைக்கு. தரகருக்கும் தகவல் சொல்லியாகிவிட்டது: பக்கத்தில் உட்காரலாம், உதடு அசையக் கூடாது. “அது என் கையில இல்ல டீச்சர், தானா ஆடும்,” என்கிறாள்.

ஜூன் 26, புதன்

ஹெச்.எம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்ற பிள்ளைகள் முடித்துப் போனதும், அவரே மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார், வகுப்பு டீச்சர் மறுமுனை. கடிகாரம் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். வாசிக்க நிற்கிறவளுக்கு வேண்டுமானால் அவள் பார்க்கலாம்.

தரகர் தன் உதட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாத்து மாதிரி. யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னலோரக்காரி புத்தகத்தை எடுத்தாள்.

முதல் வார்த்தையே கிளம்பவில்லை. நாங்கள் நான்கு பேரும் அசையாமல் இருந்தோம். எனக்கு மட்டும் பெருவிரல் செருப்புக்குள் சுருண்டுவிட்டது. வகுப்பு டீச்சர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பியது. ஒரு வரி ஓடியது, நின்றது, ஓடியது. பாதிப் பக்கத்தில் ‘பள்ளத்தாக்கு’ என்று ஒரு வார்த்தை. அங்கே மாட்டிக்கொண்டாள். ப, ப, ப. வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஹெச்.எம். திரும்பவில்லை. நான் அந்த வார்த்தையை என் பல்லுக்குள் வைத்து அரைத்தேன். சொல்லிடலாமா? ஒரே ஒரு வார்த்தைதானே? இல்லை. அது அவளுடைய சரக்கு. அவள்தான் இறக்க வேண்டும்.

இறக்கினாள். மிச்சப் பக்கத்தையும் முடித்தாள்.

ஹெச்.எம். ஒரு கேள்வி கேட்டார்: “ஆறு எங்கேருந்து வருது?” அவள் ஆற்றில் ஆரம்பித்து மலைக்குப் போய், மேகத்துக்குப் போய், கடலுக்கு வந்து, அங்கிருந்து திரும்பவும் மேகத்துக்குக் கிளம்பினாள். திக்கிக்கொண்டேதான். நிறுத்தவில்லை. நான் முதல் நாள் கேட்டுவிட்டு நின்ற கேள்விக்கும் அதில் பதில் இருந்தது.

ஹெச்.எம். மதிப்பெண் தாளில் எழுதினார். மூடிவைத்தார்.

“ஆறாம் கிளாஸ் டீச்சர்கிட்டச் சொல்லிவைக்கணும்,” என்றார். “கேள்வியைப் பாத்துக் கேக்கச் சொல்லி.”

தரகர் உதட்டை விட்டாள். இரண்டு பக்கமும் சிவந்திருந்தது.

வெளியே அவளுடைய அம்மா நின்றார். என்ன ஆச்சு என்று என்னைக் கேட்க வாயெடுத்தார். எடுத்தவர் மூடிக்கொண்டு, பெண்ணைப் பார்த்து நின்றார். நான் நகர்ந்துவிட்டேன். அந்த நேரம் அவர்களுடையது.

ஜூன் 28, வெள்ளி

கடைசி நாள். வகுப்பு டீச்சர் என் மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தார். ‘கேள்விக்குப் பின் காத்திருக்கத் தெரிந்தவர்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: ‘கடைச் சரக்கை வகுப்புக்குள் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.’ இரண்டும் உண்மை. “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க அக்கா,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சாக்பீஸ் தூசி என்றார். சரி, சாக்பீஸ் தூசி.

வகுப்புக்குள்தானே கூடாது? பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே நின்று சாம்பிள் பையைத் திறந்தேன். தோழிகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஜன்னலோரக்காரியிடம் ஒரு அட்டை முழுவதையும் நீட்டினேன்.

“எடுத்துக்கோ. எல்லாம் உனக்குத்தான்.”

தலையசைத்து மறுத்தாள். காம்பஸ் பெட்டியைத் திறந்து அந்த ஒற்றைப் பச்சைக் கிளிப்பை எடுத்துக் காட்டினாள். அதற்கு ஜோடி வேண்டுமாம். பையைத் துழாவினேன், பச்சை தீர்ந்துபோயிருந்தது. ஜோடி இருந்த இடம் ஒன்றுதான்.

தரகர் தன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “தர மாட்டேன். அது என் கமிஷன்.”

“வி… வி…”

எனக்கு வாய் துறுதுறுத்தது. இருவருக்கும் நடுவில் புகுந்து முடித்துவைக்கத் தெரியாதவளா நான்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தரகர் ஒற்றைக் காலை ஆட்டியபடி நின்றாள், வாயை மூடிக்கொண்டு. விரல் வைத்துப் பிடிக்கவில்லை. உதடு அசையவில்லை.

“…வி… விலைக்குத்தான் கேக்கறேன்.”

“என்ன தருவ?”

“அ… அடுத்த வருஷம்… ஜ… ஜன்னல் பக்கம் நீ உக்காரு.”

தரகர் கண்ணைச் சுருக்கினாள். “வருஷம் முழுசுமா?”

“மு… முழுசும்.”

“மழை பெய்யற அன்னிக்கு?”

இதற்கு ஜன்னலோரக்காரி யோசித்தாள். ரோட்டில் பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் கிளம்பிப் போனது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“மழை அன்னிக்கு… எனக்கு.”

“சரி.”

பேசி முடிந்த விலை: பச்சைக் கிளிப் ஒன்றுக்கு, ஆறாம் வகுப்பில் ஜன்னலோர இடம், வருஷம் முழுவதும். மழை பெய்யும் நாள் மட்டும் பழைய ஆளுக்கு. தரகு கிடையாது.